பிசிஏஏ டப்பா வாங்கப் போறீங்களா? முதல்ல புட்டு-பயறு கணக்கைப் பாருங்க

நாகர்கோவிலோ, தக்கலையோ, மார்த்தாண்டமோ, ஜிம்மில் சேர்ந்து இரண்டு மூன்று மாதம் ஆனதும் ஒரு கேள்வி வந்துவிடும்: "மாஸ்டர், அமினோ எடுக்கணுமா?" பதிலும் பெரும்பாலும் தயாராக இருக்கும். தர்பூசணி, மாம்பழம், கோலா என விதவிதமான சுவைகளில் வரும் பிசிஏஏ பவுடர். விலை ஆயிரம் ரூபாயில் தொடங்கி இரண்டாயிரத்தைத் தாண்டும். தினமும் ஒரு ஸ்கூப் கலக்கினால் ஒரு மாதம், மிஞ்சிப்போனால் ஒன்றரை மாதம் வரும். முதல் வேலையில் இருபதாயிரத்துக்குள் சம்பளம் வாங்கும் ஒருவருக்கு இது சின்னத் தொகை இல்லை.

நேரடியாகவே சொல்லிவிடலாம். ஆரோக்கியமாக இருக்கிற, அன்றாடம் போதுமான புரதம் சாப்பிடுகிற ஒருவருக்கு இந்த டப்பா தசை வளர்க்கக் கூடுதலாகச் செய்வது மிக மிகக் குறைவு. போதுமான புரதம் சாப்பிடாதவருக்கோ அது குறையை நிரப்பாது. இரண்டு பக்கமும் நஷ்டம்தான். ஏன் என்று புரிந்துகொள்ள கொஞ்சம் வேதியியல், கொஞ்சம் கன்னியாகுமரி மாவட்டச் சமையல் இரண்டும் தேவை.

ஒன்பதில் மூன்று மட்டும்

புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த மாலை. நம் உடல் புரதங்களைக் கட்ட 20 வகை அமினோ அமிலங்களைப் பயன்படுத்துகிறது. இவற்றில் ஒன்பதை உடலால் தயாரிக்க முடியாது. சாப்பாட்டில் இருந்துதான் வர வேண்டும். லியூசின், ஐசோலியூசின், வாலின், லைசின், மெத்தியோனின், த்ரியோனின், டிரிப்டோபன், ஃபீனைல்அலனின், ஹிஸ்டிடின். இந்த ஒன்பதில் முதல் மூன்றின் மூலக்கூறு அமைப்பில் ஒரு கிளை பிரிந்து நிற்கும். அதனால்தான் 'கிளைத்தொடர் அமினோ அமிலங்கள்' என்று பெயர். அதன் ஆங்கிலச் சுருக்கமே பிசிஏஏ. டப்பாவில் '2:1:1' என்று பெரிதாகப் போட்டிருப்பது இந்த மூன்றின் விகிதம்: லியூசின் இரண்டு பங்கு, மற்றவை ஒவ்வொரு பங்கு.

இந்த மூன்றுக்கு மட்டும் ஏன் இவ்வளவு மவுசு? காரணம் லியூசின். தசைச் செல்லுக்குள் புரதம் கட்டும் வேலையைத் தொடங்கச் சொல்லும் 'எம்டார்' என்கிற சமிக்ஞைப் பாதையைத் தட்டி எழுப்புவது அதுதான். அது உண்மையான அறிவியல். விளம்பரம் அங்கேயே நின்றுவிடுகிறது என்பதுதான் பிரச்சினை.

வீடு கட்டும் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மேஸ்திரி காலையிலேயே வந்து "வேலையை ஆரம்பிங்கப்பா" என்று சத்தம் போடுகிறார். கொத்தனாரும் கையாளும் தயார். மணல் ஒரு லோடு வந்து இறங்கியிருக்கிறது. ஆனால் செங்கல் இல்லை, சிமென்ட் இல்லை. மேஸ்திரி எவ்வளவு கத்தினாலும் சுவர் எழும்பாது. உடல் இங்கே இன்னொரு வேலையும் செய்யும்: பின்பக்கச் சுவரை இடித்து, அந்தக் கல்லை எடுத்து முன்பக்கம் வைக்கப் பார்க்கும். மீதி ஆறு அமினோ அமிலங்கள் சாப்பாட்டில் இருந்து வரவில்லை என்றால், அவை ஏற்கெனவே இருக்கும் தசை உடைவதில் இருந்துதான் வர வேண்டும்.

அமெரிக்காவின் ஆர்கன்சா மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் வுல்ஃப் 2017-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இதைத்தான் அலசியது. பிசிஏஏ-வை மட்டும் மனிதர்களுக்கு ரத்த நாளம் வழியாகச் செலுத்திப் பார்த்த ஆய்வுகளில் தசை உடைவது குறைந்தது. கூடவே தசைப் புரதம் கட்டுவதும் குறைந்தது என்று அவர் சுட்டிக்காட்டினார். அதாவது பிசிஏஏ மட்டும் கொடுத்தால் தசை 'வளர்வதற்கு' ஆதாரம் இல்லை.

எதிர்த் தரப்பிலும் ஒரு தரவு இருக்கிறது. அதே 2017-ல் வெளியான ஒரு பிரிட்டன் ஆய்வில், பளு தூக்கிப் பழகிய இளைஞர்கள் பயிற்சி முடித்த உடனே 5.6 கிராம் பிசிஏஏ குடித்தபோது, தசைப் புரதம் கட்டும் வேகம் வெறும் சுவைநீர் குடித்ததைவிட 22 சதவீதம் கூடியது. சப்ளிமென்ட் விற்பவர்கள் விரும்பி மேற்கோள் காட்டுவது இதைத்தான். ஆனால் அதே அளவு பிசிஏஏ உள்ள 'வே' புரதத்தை, அதாவது ஒன்பதும் அடங்கிய முழுப் புரதத்தைக் கொடுத்த முந்தைய ஆய்வுகளில் கூடுதல் இதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் என்று அதே ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். மேஸ்திரி கூடவே கல்லும் சிமென்ட்டும் வந்தால் வரும் வித்தியாசம் அது.

மறுநாள் தசை வலி கொஞ்சம் குறைவதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. அந்த அளவுக்கு ஏற்றுக்கொள்ளலாம்.

நம்ம ஊர் தட்டில் இருக்கும் கணக்கு

இப்போது சமையலறைக்கு வருவோம். உலக சுகாதார நிறுவனம் உள்ளிட்ட அமைப்புகள் 2007-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு லியூசின் 39, வாலின் 26, ஐசோலியூசின் 20 மில்லிகிராம் தேவை. கூட்டினால் 85. அறுபது கிலோ எடையுள்ளவருக்கு மொத்தம் சுமார் 5 கிராம். ஒரு நாளில் 60 கிராம் புரதம் வரும்படி சாப்பிட்டாலே, அதற்குள் ஏறத்தாழ 10 கிராம் பிசிஏஏ வந்துவிடும். அதுவும் மற்ற ஆறோடு சேர்ந்து.

சைவமோ அசைவமோ, கன்னியாகுமரி மாவட்டத்தில் புட்டும் பயறும் பப்படமும் காலை உணவாக இல்லாத வீடு குறைவு. அரிசிப் புரதத்தில் லைசின் கம்மி. சிறுபயறில் லைசின் தாராளம். ஆனால் மெத்தியோனின் கம்மி. அது அரிசியில் இருக்கிறது. 100 கிராம் அரிசிமாவில் செய்த புட்டில் 7 கிராம் அளவுக்குப் புரதம், 50 கிராம் சிறுபயறில் 12 கிராம். இரண்டும் சேர்ந்து 19 கிராம் புரதம், அதில் லியூசின் மட்டும் சுமார் ஒன்றரை கிராம். தனித்தனியாகச் சாப்பிட்டால் ஆளுக்கொரு ஓட்டை. சேர்த்துச் சாப்பிட்டால் இரண்டு ஓட்டையும் அடைபட்டுவிடும். கஞ்சியும் பயறும் அதே கணக்குதான். அமினோ அமிலம் என்ற வார்த்தையே தெரியாத பாட்டி போட்ட கணக்கு.

மரச்சீனிக் கதை இன்னும் சுவாரசியம். 1956 நவம்பர் 1-ல் தமிழ்நாட்டோடு இணையும் வரை இந்தப் பகுதி முதலில் திருவிதாங்கூரிலும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது. அங்கே மரச்சீனிச் சாகுபடியை ஊக்குவித்தவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா. இரண்டாம் உலகப் போரில் பர்மா ஜப்பான் கைக்குப் போய், அங்கிருந்து வந்த அரிசி நின்றபோது ஏழைகளின் வயிற்றை நிரப்பியது இந்தக் கிழங்குதான். ஆனால் வயிறு நிரம்புவது வேறு, உடம்பு கட்டுவது வேறு. 100 கிராம் மரச்சீனியில் புரதம் ஒரு கிராம் அளவுதான். வெறும் கிழங்கை மட்டும் நம்பிய வீடுகளில் புரதக் குறைபாடு நிச்சயம். அதைத் தடுத்தது கூடவே தட்டில் விழுந்த சாளைக் கறி. 100 கிராம் சாளையில் 20 கிராம் அளவுக்குப் புரதம், ஒன்பது அத்தியாவசிய அமினோ அமிலங்களும் உண்டு. குளச்சலிலும் தேங்காப்பட்டணத்திலும் விலை மலிந்து கிடக்கும் நாளில், ஒரு ஸ்கூப் பிசிஏஏ விலைக்கு எத்தனை சாளை வாங்கலாம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

ஆனால் மீனைக் காட்டி எல்லாம் சுபம் என்று முடித்துவிடவும் முடியாது. குளச்சல், முட்டம் பக்கம் ஜூன், ஜூலையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அப்போது மீன் விலை எகிறும். ஹாஸ்டலில், மேன்ஷனில் தங்கி வேலைக்குப் போகிறவர்களுக்குக் காலை இட்லி, மதியம் சாம்பார் சாதம், இரவு பரோட்டா என்றுதான் ஓடும். அந்தத் தட்டில் புரதம் உண்மையிலேயே குறைவு. இப்படிப்பட்டவர்களிடம்தான் "சாப்பாடு சரியில்லைன்னா அமினோ போடு" என்று சொல்லப்படுகிறது. அவர்களுக்குத் தேவை இரண்டு முட்டை, ஒரு கைப்பிடி நிலக்கடலை, ஒரு டம்ளர் பால், அவித்த பயறு. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம், அரை கிராம் லியூசின்.

எவ்வளவு புரதம் போதும்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் சொன்ன அளவு, கிலோவுக்கு 0.83 கிராம். 65 கிலோ ஆணுக்கு நாளொன்றுக்கு 54 கிராம். இது சாதாரண வாழ்க்கைக்கு. எடை தூக்கிப் பயிற்சி செய்பவர்களுக்கு 1.4 முதல் 2 கிராம் வரை என்று விளையாட்டு ஊட்டச்சத்து நிபுணர்கள் பரிந்துரைக்கிறார்கள். அந்த உயரத்தைச் சாப்பாட்டில் மட்டும் எட்டுவது, முக்கியமாக முட்டைகூடத் தொடாதவர்களுக்கு, சிரமம்தான். அங்கே ஒரு ஸ்கூப் நல்ல 'வே' பவுடர் அர்த்தமுள்ளது. அது பாலில் இருந்து பிரித்தெடுத்த உணவு, அவ்வளவே. அதில் பிசிஏஏ தானாகவே இருக்கிறது. 'வே'யும் வாங்கி, பிசிஏஏ டப்பாவும் வாங்குகிறவர் ஒரே பொருளுக்கு இரண்டு முறை காசு கொடுக்கிறார்.

(கிரியேட்டினை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது வேறு வகைப் பொருள். நாளொன்றுக்கு 3 முதல் 5 கிராம் எடுத்தால் பலம் கூடும் என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. ஜிம் அலமாரியில் உள்ள எல்லாமே ஏமாற்று என்பது நம் வாதம் இல்லை.)

டப்பாவுக்குள்ளே இருப்பது டப்பாமேல் எழுதியதுதானா?

கல்லீரல் மருத்துவர் சிரியாக் அபி பிலிப்ஸ் தலைமையில் கேரளத்தின் ராஜகிரி மருத்துவமனையைச் சேர்ந்த குழுவினர், இந்தியச் சந்தையில் பிரபலமான 36 புரதப் பவுடர்களை வாங்கிச் சோதித்து, 2024 ஏப்ரலில் முடிவுகளை 'மெடிசின்' ஆய்விதழில் வெளியிட்டார்கள். கிட்டத்தட்ட 70 சதவீதத்தில் லேபிளில் போட்ட புரத அளவும் உள்ளே இருந்ததும் ஒத்துப்போகவில்லை. சிலவற்றில் சொன்னதில் பாதிகூட இல்லை. 14 சதவீதத்தில் பூஞ்சை நச்சான அஃப்ளடாக்சின், 8 சதவீதத்தில் பூச்சிக்கொல்லி எச்சம்.

இந்த இடத்தில் அமினோ அமிலத்துக்கு வில்லன் வேடம். புரதத்தை அளக்க ஆய்வகங்கள் பரவலாகப் பயன்படுத்தும் முறை, பொருளில் உள்ள நைட்ரஜனை அளந்து அதை 6.25 ஆல் பெருக்குவது. புரதத்தில் சராசரியாக 16 சதவீதம் நைட்ரஜன் என்பதுதான் அதன் அடிப்படை. ஆனால் அந்த நைட்ரஜன் எங்கிருந்து வந்தது என்று இந்தச் சோதனைக்குத் தெரியாது. கிளைசின் என்கிற மலிவான அமினோ அமிலத்தில் நைட்ரஜன் கிட்டத்தட்ட 19 சதவீதம். ஒரு கிராம் கிளைசினைக் கலந்தால், சோதனை அதை ஒரு கிராமுக்கும் அதிகமான 'புரதம்' என்று காட்டும். கிளைசின் உடல் தானே தயாரித்துக்கொள்ளும் ஒன்று. தசைக்கு வேண்டிய ஒன்பதில் அது இல்லை. டாரின், கிரியேட்டினையும் இப்படிக் கலப்பதுண்டு. தொழிலில் இதற்கு 'அமினோ ஸ்பைக்கிங்' என்று பெயர். 2008-ல் சீனாவில் பால் பவுடரில் மெலமைன் கலந்ததும் இதே நைட்ரஜன் ஓட்டையைப் பயன்படுத்தித்தான். அங்கே சுமார் 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். ஆறு குழந்தைகள் இறந்தார்கள். கிளைசின் அந்த மாதிரி நஞ்சு இல்லை. தந்திரம் ஒன்றுதான்.

அதனால் புரதப் பவுடர் லேபிளில் கிளைசின், டாரின் போன்றவை தனியாகச் சேர்த்ததாக இருந்தால், அமினோ அமிலப் பட்டியல் முழுதாகக் கொடுக்கப்படவில்லை என்றால், சந்தேகப்படலாம்.

'இயற்கையானதுதானே, என்ன ஆகிடும்?'

அமினோ அமிலம் உணவில் இருப்பதுதான். ஆனால் ஒன்றை மட்டும் பிரித்து, கிராம் கணக்கில் தினமும் விழுங்குவது உணவு சாப்பிடுவது போல இல்லை. இதற்குச் சரித்திரம் இருக்கிறது.

1989-ல் அமெரிக்காவில் தூக்கத்துக்காக எல்-டிரிப்டோபன் எடுத்துக்கொண்டவர்களுக்குக் கடுமையான தசை வலியும் ரத்த அணுக் கோளாறும் வந்தன. 1,500 பேருக்கு மேல் பாதிப்பு, 30-க்கும் மேற்பட்ட மரணங்கள். பெரும்பாலானவை ஒரே தயாரிப்பாளரின் சரக்கோடு தொடர்புடையவை. தயாரிப்பில் கலந்த மாசு மீதுதான் முக்கியச் சந்தேகம் விழுந்தது.

ப்ரீ-ஒர்க்அவுட் பவுடர்களில் 'பம்ப்' கிடைக்கும் என்று சேர்க்கப்படும் ஆர்ஜினைன் இன்னொரு உதாரணம். ரத்த நாளத்தை விரிக்கும் நைட்ரிக் ஆக்சைடு இதிலிருந்து உருவாகிறது. நைட்ரிக் ஆக்சைடின் பங்கைக் கண்டறிந்ததற்கு 1998-ல் நோபல் பரிசே கிடைத்தது. அப்படியென்றால் மாரடைப்பு வந்தவர்களுக்கு நல்லதுதானே என்று 153 நோயாளிகளிடம் சோதித்தார்கள். 2006-ல் முடிவு வந்தது: ஆர்ஜினைன் எடுத்த தரப்பில் 6 பேர் இறந்தார்கள், போலி மருந்து எடுத்த தரப்பில் ஒருவர்கூட இல்லை. ஆய்வு பாதியில் நிறுத்தப்பட்டது. அவர்கள் வயதான இதய நோயாளிகள்; 24 வயது ஜிம் பையனுக்கு அதே ஆபத்து என்று அர்த்தம் இல்லை. ஆனால் அதே டப்பாவை ஸ்டென்ட் வைத்த அப்பாவுக்கு "சக்திக்கு நல்லது" என்று கலக்கிக் கொடுக்கக் கூடாது.

பிசிஏஏ விஷயத்தில் சர்க்கரை நோய் கேள்வி ஒன்று நிற்கிறது. 2011-ல் வெளியான அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஆய்வு, ரத்தத்தில் கிளைத்தொடர் அமினோ அமிலங்கள் உள்ளிட்ட ஐந்து அமினோ அமிலங்கள் கூடுதலாக இருந்தவர்களுக்கு, 12 ஆண்டுகளுக்குள் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு அதிகம் என்று கண்டது. இது காரணமா, வெறும் அறிகுறியா என்பதில் விவாதம் முடியவில்லை. ஆனாலும் 2024 மே மாதம் வெளியான தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் உணவு வழிகாட்டி, பிசிஏஏ சில தொற்றா நோய்களின் அபாயத்தைக் கூட்டலாம் என்பதைக் குறிப்பிட்டே, உடல் கட்டுவதற்காகப் புரத சப்ளிமென்ட் எடுப்பதைத் தவிர்க்கச் சொன்னது. நீண்ட நாள் அதிகப் புரதம் எலும்பையும் சிறுநீரகத்தையும் பாதிக்கலாம் என்றும் எச்சரித்தது. சாதாரண அளவு 'வே' எடுக்கும் ஆரோக்கியமானவர்களுக்கு இந்த எச்சரிக்கை கொஞ்சம் அதிகம்தான் என்பது என் கருத்து. ஆனால் 'ஆரோக்கியமானவர்' என்பதை யார் முடிவு செய்வது? ஆரம்பக் கட்டச் சிறுநீரகப் பாதிப்புக்கு அறிகுறியே இருக்காது. வீட்டில் யாருக்காவது சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு இருந்தால் டப்பா வாங்கும் முன் யூரியா, கிரியேட்டினின், சிறுநீரில் புரதம் ஆகிய சோதனைகளைச் செய்துவிடுவது நல்லது. ஏற்கெனவே கிரியேட்டின் எடுக்கிறீர்கள் என்றால் அதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்; அதனாலேயே கிரியேட்டினின் அளவு கூடித் தெரியலாம்.

மருத்துவத்தில் அமினோ அமிலங்களுக்கு உண்மையான இடம் இருக்கிறது என்பதும் குழப்பத்துக்கு ஒரு காரணம். கல்லீரல் சுருக்க நோயாளிகள் சிலருக்கு பிசிஏஏ கொடுக்கப்படுகிறது. குறைந்த புரத உணவில் இருக்கும் சிறுநீரக நோயாளிகளுக்கு, அமினோ அமிலங்களைப் போன்ற, ஆனால் நைட்ரஜன் நீக்கிய மாத்திரைகள் தரப்படுகின்றன. "அப்பாவுக்கு டாக்டரே அமினோ எழுதிக் கொடுத்தார்" என்பது ஜிம் டப்பாவுக்குச் சான்றிதழ் ஆகாது. இன்னொரு பக்கம், லியூசினை உடைக்கவே முடியாத அரிய மரபணுக் கோளாறோடு பிறக்கும் குழந்தைகளும் உண்டு. அவர்களின் சிறுநீரில் சர்க்கரைப் பாகு வாசம் வரும். தேங்கும் லியூசின் மூளையைத் தாக்கும்.

வாங்கியே தீருவேன் என்றால்

இந்தியச் சட்டப்படி இந்தப் பவுடர்கள் மருந்து அல்ல, உணவு. 2016-ல் வந்த ஒழுங்குமுறையின் கீழ் இவை 'ஹெல்த் சப்ளிமென்ட்' என்ற வகையில் வருகின்றன. மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்ற வாசகம் லேபிளில் கட்டாயம். 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண் இருக்க வேண்டும். அதை அந்த ஆணையத்தின் இணையதளத்தில் போட்டு, அதே நிறுவனத்தின் பெயர் வருகிறதா என்று பாருங்கள். வெளிநாட்டு பிராண்ட் என்றால் இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி கொண்ட ஸ்டிக்கர் வேண்டும். அது இல்லாத 'ஒரிஜினல்', பெரும்பாலும் கள்ளக் கடத்தல் அல்லது போலி. டப்பா விற்கும் ஜிம்முக்கும் உணவு விற்பனைப் பதிவோ உரிமமோ தேவை. மாஸ்டர்தானே என்று யாரும் இதைக் கேட்பதில்லை.

டப்பாவைப் பிரித்து, சின்னப் பாக்கெட்டில் போட்டு லூஸாக விற்பதை வாங்கவே வேண்டாம். "இதுல ரிசல்ட் வரலைன்னா ஊசி இருக்கு" என்று பேச்சு திரும்பினால் அந்த இடத்தை விட்டு வந்துவிடுங்கள். அறுவை சிகிச்சையின்போது ரத்த அழுத்தத்தை ஏற்றப் பயன்படும் மெஃபென்டர்மின் ஊசியை ஜிம் இளைஞர்களுக்கு விற்றதாகத் தமிழ்நாட்டில் போலீஸ் கைதுகள் நடந்திருக்கின்றன.

தவறான லேபிளோடு உணவு விற்றால் 3 லட்சம் ரூபாய் வரையும், தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையும் அபராதம் விதிக்க உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-ல் இடமுண்டு. புகாரை மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறை அலுவலகத்திலோ, எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் 'ஃபுட் சேஃப்டி கனெக்ட்' செயலியிலோ கொடுக்கலாம். அதற்கு பில் வேண்டும், பேட்ச் எண் தெரிகிற மாதிரி டப்பாவின் போட்டோ வேண்டும். வாங்கின அன்றைக்கே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வியர்வைக் கையில் தினமும் புழங்கும் டப்பாவில் முதலில் அழிவது அந்த எண்தான்.